ஸ்பானிய முயல் குழம்பு: வீட்டில் சமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்பெயினில் முயல் அபூர்வமான விருந்துக் கறி இல்லை. சந்தையில் கோழிக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். வீடுகளில் அதைக் கொதிக்கவைத்துக் குழம்பாக்குவதற்கு ஒரு நிதானமான முறை இருக்கிறது. வெங்காயமும் தக்காளியும் பொறுமையாக வதங்க வேண்டும், கறி சின்னத் தீயில் வேக வேண்டும், இறக்குவதற்குச் சற்று முன் இடித்த பாதாம் விழுது சேர வேண்டும். மசாலா டப்பாவைத் திறக்கவே தேவையில்லை. சுவை முழுக்க நேரத்திலிருந்தும் தீயிலிருந்தும்தான் வருகிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும்.

இது ஸ்பெயினில் எந்த ஊர்ச் சமையல்?

ஒரே ஊருக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. வலென்சியாவில் முயலும் கோழியும் சேர்ந்துதான் பயேயா என்ற அரிசிச் சோற்றுக்குள் போகும். இறாலும் சிப்பியும் போட்ட பயேயாவைத்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் பார்த்திருப்பார்கள். ஆனால் வலென்சியாக்காரர்கள் தங்கள் பயேயா என்று சொல்வது முயல், கோழி, பட்டையான பச்சை பீன்ஸ், பெரிய வெள்ளை அவரை விதை எல்லாம் போட்டதைத்தான். அலிகாந்தே மாகாணத்தில் பினோசோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே முயலும் நத்தையும் சேர்த்து, திராட்சைக் கொடியைக் கவாத்து செய்த காய்ந்த சுள்ளிகளை எரித்துச் சோறு ஆக்குகிறார்கள். லா மாஞ்சாவின் காஸ்பாச்சோ குளிர்ந்த தக்காளி சூப் இல்லை. முயலோ காட்டுப் பறவையோ வெந்த சூடான சாற்றில், புளிக்கவைக்காத மெல்லிய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவிடும் உணவு அது. கேனரித் தீவுகளில் வினிகர், பூண்டு, பாப்ரிகா என்ற சிவப்பு மிளகாய்த் தூளில் முயலை ஊறவைத்துச் சமைத்து, தோலோடு உப்பு நீரில் வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கோடு பரிமாறுகிறார்கள். கத்தலோனியாவில் நத்தை, உலர்ந்த பிளம்ஸ், சில வீடுகளில் கருப்புச் சாக்லேட்கூட முயலோடு சேரும்.

இந்தப் பக்கத்தில் நான் சொல்வது ஒரு சாதாரண வீட்டுக் குழம்பு. ஸ்பெயின் முழுக்கச் செய்கிற உருளைக்கிழங்கு போட்ட முயல் குழம்புதான். கத்தலோனிய வீடுகளில் பாதாம் விழுது சேர்க்கும் பழக்கத்தை மட்டும் அதோடு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அது இல்லாமல் செய்தாலும் குழம்பு நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு முறை சேர்த்துப் பார்த்தவர்கள் அதை விடமாட்டார்கள்.

ஸ்பெயினில் ஏன் இத்தனை முயல்?

இன்று உலகமெங்கும் பண்ணைகளில் வளர்க்கப்படும் முயல் இனத்துக்கு, ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பம்தான் பூர்வீகம். ரோமானியர் காலத்திலேயே அந்த நாட்டுக்கு முயல் ஓர் அடையாளமாகிவிட்டது. 2-ஆம் நூற்றாண்டில் ஹேட்ரியன் பேரரசர் வெளியிட்ட நாணயங்களில், ஹிஸ்பானியா (ஸ்பெயினுக்கு ரோமானியர் வைத்த பெயர்) ஒரு பெண்ணாக ஒலிவக் கிளையோடு சாய்ந்திருக்க, காலருகே ஒரு முயல் இருக்கும். பலேயாரிக் தீவுகளில் முயல்கள் பெருகிப் பயிரை அழித்ததால், அந்த மக்கள் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸிடம் படை உதவி கேட்டார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

காட்டு முயலின் கதை பிறகு சோகமாகிவிட்டது. 1952-இல் பிரான்ஸில் ஒரு மருத்துவர் தன் தோட்டத்து முயல்களை ஒழிக்க மிக்சோமடோசிஸ் வைரஸைக் கொண்டுவந்து விட்டார். அது அடுத்த ஆண்டே ஸ்பெயினுக்குள் வந்துவிட்டது. 1980-களின் கடைசியில் இரத்தக்கசிவு நோய் என்ற இன்னொன்று வந்தது. முயல் குறைந்ததும், அதையே பெரும்பாலும் தின்று வாழும் ஐபீரிய லின்க்ஸ் காட்டுப்பூனையும் அழிவின் விளிம்புக்குப் போனது. 2000-களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவாக இருந்த லின்க்ஸ், பெரிய முயற்சிக்குப் பிறகு இப்போது மீண்டு வருகிறது. அதனால் சட்டிக்குப் பண்ணை முயலே போதும். சந்தையில் பெரும்பாலும் கிடைப்பதும் அதுதான்.

எப்படிப்பட்ட முயல் வாங்க வேண்டும்?

சுத்தம் செய்த எடை 1.1 முதல் 1.4 கிலோ வரை உள்ள இளம் பண்ணை முயல். நாலு பேருக்குச் சரியாக இருக்கும். கறி வெளிர் இளஞ்சிவப்பாக, பார்க்க ஈரமாக, ஆனால் தொட்டால் வழவழப்பில்லாமல் இருக்க வேண்டும். சிறுநீரகத்தைச் சுற்றிக் கொஞ்சம் வெள்ளைக் கொழுப்பு இருந்தால் நல்லது. ஈரல் பளபளப்பாக, புள்ளி இல்லாமல் இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அந்த ஈரலை எறிந்துவிடுங்கள்.

ஸ்பெயினில் முயலைப் பெரும்பாலும் தலையோடும் ஈரலோடும் முழுசாக விற்பார்கள். ‘முயல் என்று சொல்லிப் பூனையைக் கொடுக்கிறான்’ என்கிற அர்த்தத்தில் ஒரு பழமொழியே ஸ்பானிய மொழியில் இருக்கிறது. தலையையும் பார்த்து வாங்குகிற பழக்கத்துக்கு அந்தச் சந்தேகம்தான் காரணம் என்பார்கள்.

நீண்ட காதும் கருஞ்சிவப்புக் கறியும் உள்ள பெரிய காட்டு முயல் வேறு இனம். அதற்கு ஒயினில் ஊறலும் பல மணிநேர வேக்காடும் வேண்டும். இந்தச் செய்முறை அதற்கு ஒத்துவராது.

தமிழ்நாட்டில் கிடைக்குமா? சட்டப்படி சரியா?

பண்ணையில் வளர்த்த முயல் என்றால் கிடைக்கும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய அரசின் ஆடு ஆராய்ச்சி நிலையத்தில் நெடுநாளாகவே இறைச்சி முயல் இனங்களை வளர்க்கிறார்கள். ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவிலும் முயல் வளர்ப்பு உண்டு. பல மாவட்டங்களில் சின்னப் பண்ணைக்காரர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் சுத்தம் செய்தே தருவார்கள். வாங்கும்போது வயதைக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட முயல் இந்தக் குழம்புக்கு ஏற்றது. குட்டி போட்டு முடித்த பெரிய முயலாக இருந்தால் வேகவைக்கும் நேரத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்க வேண்டும்.

வயல்வெளியில் கண்ணி வைத்துப் பிடிக்கும் காட்டு முயலை வாங்கவே வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. வேட்டையாடுவதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

முயல் கறியில் வாடை அடிக்குமா? மஞ்சள் போட்டுக் கழுவ வேண்டுமா?

பண்ணை முயலுக்கு ஆட்டுக் கறி அளவுக்குக்கூட வாடை கிடையாது. கோழியை விடக் கொஞ்சம் இனிப்பான, அழுத்தமான ருசி, அவ்வளவுதான். மஞ்சளும் தயிரும் வேண்டாம். வயிற்றுக்குள் உறைந்த இரத்தம் இருந்தால் துடைத்து எடுங்கள், ஒரு முறை தண்ணீரில் அலசுங்கள், துணியாலோ காகிதத் துண்டாலோ ஈரம் போக நன்றாகத் துடையுங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் கறி சிவக்காது, வெந்துதான் போகும்.

துடைத்த துண்டுகளில் உப்பைத் தடவி ஒரு மணி நேரம் வைத்தால் போதும். கறி மெலிந்தது என்பதால் இந்த முன் உப்பு அதற்குப் பெரிய உதவி. சமைக்கும்போது உள்ளே ஈரம் தங்கும்.

எப்படி வெட்டுவது? கடையிலேயே வெட்டி வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் நம் கறிக்கடை வழக்கப்படி சின்னச் சின்னதாகக் கொத்தச் சொல்லாதீர்கள். முயல் எலும்பு மெல்லியது. வெட்டுக்கத்தியால் ஓங்கி அடித்தால் ஊசி மாதிரி சில்லு சில்லாகச் சிதறி, குழம்பில் கலந்து, தொண்டையில் குத்தும். வலென்சியா சந்தையில் கடைக்காரரிடம், பயேயாவுக்கா குழம்புக்கா என்று சொன்னால் அதற்கேற்ப வெட்டித் தருவார். பயேயாவுக்குச் சின்னத் துண்டு, குழம்புக்குப் பெரிய துண்டு.

வீட்டில் வெட்டுவது கஷ்டமே இல்லை. முயலை மல்லாக்கப் படுக்கவைத்து, ஈரலையும் சிறுநீரகங்களையும் எடுத்து வையுங்கள். ஈரலில் பச்சை நிறத்தில் பித்தப்பை ஒட்டிக்கொண்டிருந்தால், அது உடையாமல் கொஞ்சம் ஈரலையும் சேர்த்தே அரிந்து எறியுங்கள். ஒரு சொட்டு பட்டாலும் கசந்துவிடும். முன்னங்கால்கள் உடம்போடு எலும்பால் பிணைந்தவை அல்ல, வெறும் சதைதான் பிடித்திருக்கும். காலைத் தூக்கிப் பிடித்துத் தோள்பட்டைக்கு அடியில் கத்தியை ஓட்டினால் தனியாக வந்துவிடும். பின்னங்காலைப் பின்பக்கமாக மடக்கினால் இடுப்பு மூட்டு ‘டக்’கென்று விலகும். அந்த இடத்தில் அரியுங்கள். தொடை பெரிதாக இருந்தால் முழங்காலில் இன்னொரு வெட்டு. மீதி இருப்பது நடு உடம்பு. விலா முடியும் இடத்தில் குறுக்கே பிரித்து, விலாப் பகுதியை இரண்டாகவும் முதுகுப் பகுதியை மூன்றாகவும் வெட்டுங்கள். கனமான கத்தியை முதுகெலும்பின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் போதும், ஓங்க வேண்டாம்.

முதுகுத் துண்டுகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வரும்.

நாலு பேருக்கு என்னென்ன, எவ்வளவு?

முயல் ஒன்று. ஒலிவ எண்ணெய் 80 மில்லி. பெரிய வெங்காயம் இரண்டு, ஏறத்தாழ 300 கிராம். சிவப்புக் குடைமிளகாய் ஒன்று, கேரட் ஒன்று. நன்கு பழுத்த தக்காளி 400 கிராம். பூண்டு ஆறு பல். வெள்ளை ஒயின் 200 மில்லி. கொதிக்கும் தண்ணீர் அரை லிட்டர், தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். ஸ்பானிய பாப்ரிகா தூள் குவித்து ஒரு தேக்கரண்டி. பிரியாணி இலை போலத் தோன்றும் லாரல் இலை இரண்டு, தைம் இரண்டு கொத்து. உருளைக்கிழங்கு அரை கிலோ. கடைசி விழுதுக்குத் தோல் நீக்கிய பாதாம் இருபது, நேற்றைய ரொட்டி ஒரு துண்டு, குங்குமப்பூ ஒரு சிட்டிகை, பார்ஸ்லி ஒரு கைப்பிடி, முயலின் ஈரல். உப்பு.

இலை விஷயத்தில் ஒரு கவனம். நம் கடைகளில் பிரிஞ்சி இலை என்று விற்பதில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும். அது பட்டை மரத்தின் உறவு, வாசனையும் பட்டையைப் போன்றது. ஸ்பெயினில் போடும் லாரல் இலையில் நடு நரம்பு ஒன்றுதான். லாரல் கிடைக்காவிட்டால் பிரிஞ்சியைப் போட்டுக் குழம்பைப் பிரியாணிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், இலையே இல்லாமல் செய்யலாம்.

சரி, முழுச் செய்முறை?

அகலமான, அடி கனமான பாத்திரம் எடுங்கள். எண்ணெயை மிதமாகச் சூடாக்கி, முதலில் பாதாமைப் பொன்னிறமாக வறுத்து எடுங்கள். அதே எண்ணெயில் ரொட்டித் துண்டு, அப்புறம் இரண்டு பல் பூண்டு, கடைசியில் ஈரல். ஈரல் வெளியே சிவந்து உள்ளே வேகும்வரை சில நிமிடம். வெடித்துத் தெறிக்கும், மூடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாம் ஒரு தட்டில் தனியாக இருக்கட்டும்.

இப்போது தீயைக் கொஞ்சம் ஏற்றி, முயல் துண்டுகளைப் பரப்பிப் போடுங்கள். ஒன்றோடு ஒன்று முட்டக் கூடாது. இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். போட்டதும் கிளறாதீர்கள். ஒரு பக்கம் நன்றாகச் சிவந்த பிறகு தானாகவே பாத்திரத்தை விட்டு விலகும், அப்போது திருப்புங்கள். எல்லாப் பக்கமும் சிவந்ததும் எடுத்து வையுங்கள். பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைச் சுரண்டி எறியாதீர்கள், குழம்பின் ருசியில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தீயைத் தணித்து, பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் கேரட்டையும் ஒரு சிட்டிகை உப்போடு போடுங்கள். பதினைந்து, இருபது நிமிடம். பிறகு குடைமிளகாயும் மீதிப் பூண்டும், இன்னொரு பத்து நிமிடம். தக்காளியை ஸ்பானிய வீடுகளில் நறுக்குவதில்லை. குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைக் காய் துருவியில் தேய்ப்பார்கள். சதை கீழே விழும், தோல் மட்டும் கையில் நிற்கும். அந்தத் தக்காளியை ஊற்றி, தண்ணீர் வற்றி, நிறம் கருஞ்சிவப்பாகி, ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள்.

அடுப்பை அணைத்துவிட்டு பாப்ரிகா தூளைத் தூவி, பத்து விநாடி கிளறி, உடனே ஒயினை ஊற்றுங்கள். திரும்பவும் அடுப்பை ஏற்றி, ஒயின் பாதியாக வற்றி அதன் காரமான நெடி போகும்வரை கொதிக்கவிடுங்கள். அடியைக் கரண்டியால் சுரண்டிக் கலக்குங்கள்.

முதுகுத் துண்டுகளைத் தவிர மற்றதை எல்லாம், தட்டில் வழிந்திருக்கும் சாற்றோடு, திரும்பப் போடுங்கள். கொதிநீர், இலை, தைம். கறி முக்கால்வாசி மூழ்கினால் போதும். சிம்மில் வைத்து, மூடியை லேசாகத் திறந்து, முப்பது நிமிடம். மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வர வேண்டும், தளதளவென்று கொதிக்கக் கூடாது.

இப்போது உருளைக்கிழங்கு. கத்தியைப் பாதிவரை இறக்கி, மீதியைத் திருகி உடையுங்கள். ‘சடக்’கென்று சத்தம் வரும். இப்படி உடைத்த கரடுமுரடான பக்கத்திலிருந்து மாவுச்சத்து கரைந்து குழம்பைத் தானாகக் கெட்டியாக்கும். உருளைக்கிழங்கோடு முதுகுத் துண்டுகளையும் சேர்த்து, இன்னும் இருபத்தைந்து நிமிடம். கிழங்கு குத்தினால் இறங்க வேண்டும், தொடைக் கறி எலும்பிலிருந்து லேசாக விலக வேண்டும்.

கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது பாதாம் விழுதைக் கலக்குங்கள். பிறகு பாத்திரத்தைப் பிடித்து ஆட்டினால் போதும், கரண்டி போட்டால் கிழங்கு உடையும். உப்பு பார்த்து இறக்கி, மூடி, கால் மணி நேரம் அப்படியே விடுங்கள்.

வெங்காயம் தக்காளிக்கு மட்டும் முக்கால் மணி நேரமா? குறைக்க முடியாதா?

குறைக்கலாம், ஆனால் வேறு குழம்பு கிடைக்கும். இந்த வதக்கலுக்கு ஸ்பெயினில் சோஃப்ரீத்தோ என்று பெயர். நாம் வெங்காயத்தைக் கண்ணாடிப் பதம் வரை வதக்கிவிட்டு மசாலாவைச் சேர்த்துவிடுவோம். நம் சமையலில் மல்லியும் மிளகும் சோம்பும் சுவையைத் தூக்கி நிறுத்தும். இங்கே அவை இல்லை. வெங்காயத்தில் இருக்கும் சர்க்கரை மெல்ல வெளிவந்து பழுப்பாவதும், தக்காளியின் புளிப்பு அடங்கி ஆழமாவதும்தான் குழம்புக்கு உடம்பு. பெரிய தீயில் சீக்கிரம் சிவக்கவைத்தால் ஓரம் கருகி, நடு பச்சையாக இருக்கும்.

நேரமில்லாதவர்களுக்கு ஒரு வழி: ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ வெங்காயத்துக்குச் சோஃப்ரீத்தோ செய்து, சின்ன டப்பாக்களில் ஃப்ரீஸரில் போட்டுவையுங்கள். மூன்று மாதம் வரை நன்றாக இருக்கும்.

பாப்ரிகாவுக்குப் பதில் நம் மிளகாய்த் தூள் போடலாமா?

காஷ்மீரி மிளகாய்த் தூள் நிறம் தரும், கொஞ்சம் இனிப்பும் உண்டு. முக்கால் தேக்கரண்டி போடலாம். ஆனால் ஸ்பெயினின் மேற்கே எக்ஸ்த்ரமதூராவில் லா வேரா பள்ளத்தாக்கில் செய்யும் தூளின் வாசனை அதில் வராது. அங்கே அறுவடை செய்த மிளகாயை ஓக் விறகுப் புகையில் ஏறக்குறைய இரண்டு வாரம் உலர்த்துகிறார்கள். இலையுதிர்கால மழை வந்துவிடுவதால் வெயிலை நம்ப முடியாமல் வந்த வழக்கம் அது. அந்தப் புகை வாசனை முயலோடு அவ்வளவு அழகாகச் சேரும். கிழக்கே மூர்சியாவில் நல்ல வெயில், அங்கே வெயிலில்தான் காயவைக்கிறார்கள். அதனால் அந்தத் தூளில் புகை இருக்காது, பழ இனிப்பு இருக்கும். இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம். லா வேரா தூளில் இனிப்பு, நடுத்தரம், காரம் என்று மூன்று வகை வரும். இந்தக் குழம்புக்கு இனிப்பு வகைதான்.

எதைப் போட்டாலும் அடுப்பை அணைத்துவிட்டுப் போடுங்கள். பாப்ரிகா நொடியில் கருகும். கருகினால் வரும் கசப்பை எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது.

பாதாம் விழுதை மிக்ஸியில் அரைக்கலாமா?

அரைக்கலாம், நைஸாக வேண்டாம். கத்தலோனியாவில் பிகாதா எனப்படும் இதைக் கல்லுரலில்தான் இடிக்கிறார்கள். உங்கள் வீட்டில் இடிகல் இருந்தால் அதையே எடுங்கள். முதலில் குங்குமப்பூவை ஒரு கல் உப்போடு நுணுக்குங்கள். அடுத்து வறுத்த பூண்டு, பார்ஸ்லி. பிறகு பாதாம், எண்ணெயில் பொரித்த ரொட்டி, கடைசியில் ஈரல். பாதாம் ரவைப் பதத்தில் தட்டுப்பட வேண்டும். குழம்பிலிருந்து ஒரு கரண்டி சாறு விட்டுத் தளர்த்திவிட்டு ஊற்றுங்கள்.

இதை ஊற்றிய சில நிமிடத்தில் குழம்பு நிறம் மாறி, கெட்டிப்பட்டு, கரண்டியில் பிடிக்கிற பதத்துக்கு வரும். ஈரல் பிடிக்காதவர்களுக்கு அதில் ஈரல் இருப்பதே தெரியாது, ஆனால் அதன் அழுத்தம் குழம்பு முழுக்க இருக்கும். பாதாம் ஒவ்வாதவர்கள் ரொட்டியை மட்டும் இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். முந்திரியை நான் சிபாரிசு செய்யமாட்டேன், குழம்பு குருமா பக்கம் போய்விடும்.

ஒயின் இல்லாமல் செய்ய முடியுமா?

தாராளமாக. ஒயின் தருவது புளிப்பும் பழ வாசனையும். அதற்குப் பதில் இனிப்பு சேர்க்காத வெள்ளைத் திராட்சைச் சாறு 100 மில்லியும், ஒயின் அல்லது ஆப்பிள் வினிகர் ஒரு மேசைக்கரண்டியும் ஊற்றி, நன்றாக வற்றவிடுங்கள். ஒரு மணி நேரம் கொதித்தாலும் ஒயினில் உள்ள ஆல்கஹால் முழுதாகப் போய்விடாது. அதனால் மது தொடாதவர்களுக்குச் சமைக்கும்போது சாறே சரி.

கறி வறண்டு, நார் நாராக வந்தது. என்ன காரணம்?

பெரும்பாலும் தீ. முயல் கறியில் கொழுப்பு மிகக் குறைவு, பண்ணை முயலில் நூறு கிராமுக்கு ஐந்து, ஆறு கிராம்தான். பன்றிக் கறியோ ஆட்டுக் கறியோ கொதித்தால்கூட உள்ளே இருக்கும் கொழுப்பு உருகி ஈரம் தரும், முயலுக்கு அந்தக் காப்பு இல்லை. தளதளவென்று கொதித்தால் சதை சுருங்கி, சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும்.

இரண்டாவது காரணம், எல்லாத் துண்டையும் ஒன்றாகப் போடுவது. ஓடி ஓடி உழைத்த காலில் இணைப்புத் திசு அதிகம், அது இளக ஒரு மணி நேரம் வேண்டும். முதுகுக் கறி பூப்போன்றது, அரை மணிக்குள் வெந்துவிடும். இதற்காகத்தான் முதுகுத் துண்டுகளை உருளைக்கிழங்கோடு சேர்க்கச் சொன்னேன்.

மாறாக, ஒரு மணி நேரம் கழித்தும் தொடை ரப்பராக இருந்தால் அது வயதான முயல். பயப்படாமல் முதுகையும் கிழங்கையும் எடுத்து வைத்துவிட்டு, காலை மட்டும் சிம்மில் தொடர்ந்து வேகவிடுங்கள். சிறிது நேரத்தில் இளகிவிடும்.

பிரஷர் குக்கரில் வைக்கலாமா?

இளம் முயலுக்கு வேண்டாம். வெளியே இருக்கும் சதை பிய்ந்து எலும்பு தனியாகக் கிடக்கும். வயதான முயல் என்றால் சோஃப்ரீத்தோவும் ஒயினும் முடிந்த பிறகு, கால்களை மட்டும் குறைந்த தண்ணீரில் இரண்டு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கியதும் திறந்து, மீதியைத் திறந்த பாத்திரத்தில் முடியுங்கள்.

மண்சட்டியில் செய்தால்?

அருமையாக வரும். ஸ்பெயினிலும் உள்பக்கம் மட்டும் மெருகேற்றிய அகலமான மண் பாத்திரத்தில்தான் பல வீடுகளில் இதைச் செய்கிறார்கள், அதிலேயே மேஜைக்கும் கொண்டுபோகிறார்கள். பழக்கப்பட்ட சட்டியாக இருக்கட்டும். மீன் குழம்பு வைக்கும் சட்டி வேண்டாம், புளியும் மீனும் ஏறியிருக்கும். கறியை முதலில் சிவக்கவைப்பதை மட்டும் இரும்பு வாணலியில் செய்துகொண்டு, மற்றதைச் சட்டியில் தொடரலாம். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

ஒலிவ எண்ணெய் கட்டாயமா?

எண்ணெயும் இந்தக் குழம்பின் ருசியில் ஒன்று என்பதால், ஆம் என்றுதான் சொல்வேன். விலை அதிகமான எக்ஸ்ட்ரா வெர்ஜின் வேண்டியதில்லை, சாதாரண ஒலிவ எண்ணெய் போதும். வழியே இல்லை என்றால் சூரியகாந்தி. நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தங்கள் வாசனையை முன்னால் நிறுத்திவிடும்.

கொஞ்சம் கரம் மசாலா போட்டால் என்ன?

உங்கள் வீட்டுச் சட்டி, உங்கள் விருப்பம். நல்ல முயல் வறுவலும் நம் பக்கத்தில் உண்டு, அதற்கு மிளகும் சோம்பும்தான் பொருத்தம். ஆனால் ஒரு முறையாவது இந்தக் குழம்பை அது இருக்கிறபடி செய்து பாருங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். காரம் வேண்டுமென்றால் ஒரு காய்ந்த மிளகாயை முழுசாக, காம்பு கிள்ளாமல், சோஃப்ரீத்தோவில் போட்டு எடுங்கள். கத்தலோனியாவில் சில வீடுகளில் ஒரு சின்னப் பட்டைத் துண்டு சேர்ப்பதுண்டு, அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முயல் கிடைக்கவில்லை. கோழி போடலாமா?

நாட்டுக்கோழியின் தொடையும் காலும் நன்றாகப் பொருந்தும், நேரமும் ஏறக்குறைய அதேதான். பிராய்லர் என்றால் மொத்தமே முப்பத்தைந்து நிமிடம். கிழங்கைக் கோழியோடேயே போட்டுவிடுங்கள்.

எதோடு சாப்பிடுவது?

கிழங்கு உள்ளேயே இருப்பதால் ஸ்பெயினில் வெறும் ரொட்டிதான். மேலோடு மொறுமொறுவென்று இருக்கும் ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவார்கள். பக்கத்தில் பூண்டும் ஒலிவ எண்ணெயும் அடித்துச் செய்த அலியோலி ஒரு கிண்ணம் இருந்தால் இன்னும் நல்லது. சோற்றோடு சாப்பிட விரும்பினால் கிழங்கைப் பாதியாகக் குறைத்து, தண்ணீரை 200 மில்லி கூட்டிக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு நல்லதா?

புரதம் அதிகம், கொழுப்பு குறைவு, கோழி சாப்பிடுகிறவர்களுக்குத் தயக்கமில்லாமல் சொல்லலாம். முயலை மட்டுமே தின்றால் ஆபத்து என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பனிப்பிரதேசத்தில் வேறு உணவே இல்லாமல் வாரக்கணக்கில் மெலிந்த முயல் கறியை மட்டும் தின்றவர்களுக்கு வந்த பிரச்சினை அது. எண்ணெயும் கிழங்கும் ரொட்டியும் சேர்ந்த இந்தச் சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வெளிநாட்டில் இருந்து, வேட்டைக்காரரிடம் காட்டு முயல் வாங்குகிறவர்கள் கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். துலரீமியா என்ற தொற்று தோல் வழியாகவே ஏறும். கறியின் உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். ஒரு மணி நேரம் வெந்த குழம்பு அதை எளிதாகத் தாண்டிவிடும்.

மிச்சமானதை எத்தனை நாள் வைக்கலாம்?

ஃப்ரிட்ஜில் மூன்று நாள். இரண்டாம் நாள் ருசி முதல் நாளை விட மேல், அதனால் விருந்தினர் வருகிறார்கள் என்றால் முந்தைய நாளே செய்துவிடுங்கள். பாதாமும் கிழங்கும் சேர்ந்து இறுகியிருக்கும், சூடாக்கும்போது அரை டம்ளர் கொதிநீர் விட்டு, சிம்மில் மெதுவாக. ஃப்ரீஸரில் வைப்பதானால் கிழங்கை எடுத்துவிடுங்கள், உறைந்து உருகிய கிழங்கு மணல் மணலாகிவிடும். மிஞ்சியது நாலைந்து துண்டுதான் என்றால், எலும்பை நீக்கிக் கறியைப் பிய்த்து, குழம்போடு அரிசியும் இரண்டரை மடங்கு தண்ணீரும் சேர்த்து ஒரு சோறு ஆக்கலாம்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், தொடைத் துண்டாகப் பார்த்துக் கொடுங்கள். அதில் எலும்பு பெரிதாக, எளிதாக எடுக்கும்படி இருக்கும். விலாத் துண்டில் மெல்லிய எலும்புகள் உண்டு, அதைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் என்றால் கறியை உங்கள் விரலால் பிய்த்து, எலும்புச் சில்லு இல்லை என்று தடவிப் பார்த்துவிட்டு, கிழங்கோடு மசித்துக் கொடுங்கள். ஒயினுக்குப் பதில் திராட்சைச் சாற்றில் செய்வது அவர்களுக்கு ஏற்றது.